கண்ணாடி நெஞ்சுப் பக்கம்

ஐஸ் பெட்டியின் பிளக்கைச் சொருகியது சின்னக்கண்ணுதான். அதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. சொருகிய கையோடு இரண்டு கைகளையும் விரித்து, "கரண்டு குடுத்தாச்சு. இனி ஹரிணி எப்ப வந்தாலும் அண்ணன் மொகம் மாறாம இருப்பாரு" என்று நடுவீட்டில் நின்று அவனே அறிவித்திருந்தான்.

பெட்டியின் தலைமாட்டுக்கு மேலே சுவரில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்த பெண்கள் அதைத் தலைமாட்டு விளக்கு என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஆத்தூரிலிருந்து வந்த பெரியம்மா, "எண்ணெ ஊத்துற வேல இல்ல, திரி தூண்டுற வேல இல்ல. நல்ல ஏற்பாடு" என்று மெச்சினாள். சின்னக்கண்ணு அந்தப் பாராட்டையும் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டான். அந்த வீட்டில் அவனுக்குப் பாராட்டு கிடைப்பது அபூர்வம்.

இரண்டு மணி நேரம் கழித்து, சின்னக்கண்ணுவின் அண்ணன் கடையில் வேலை பார்க்கும் இஷாக் வந்தான். சின்னாளப்பட்டியில் ஒரு சேலைக் கடை கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தவன், சேதி கேட்டு அப்படியே ஓடி வந்திருந்தான். சட்டைப் பையில் டெஸ்டர் துருத்திக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் படுத்திருந்த வேலுமணியின் முகத்தைப் பார்த்தான். பல்பை நிமிர்ந்து பார்த்தான். பெட்டியின் பக்கவாட்டில் வலது கையை வைத்தான். இதோ உடைந்து அழப்போகிறான் என்று மொத்த வீடும் காத்திருக்க, அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"சின்னண்ணே, பெட்டி ஓடவே இல்லையே."

அந்தப் பல்பு விளக்கல்ல. வேலுமணியின் சீரிஸ் பல்பு. பழுதான மானிட்டரை நேராகக் கரண்டில் போட்டால் உள்ளே எங்காவது ஷார்ட் இருந்து வெடித்துத் தொலைக்கும் என்பதற்காக, கரண்டு முதலில் இந்தப் பல்புக்குள் போய்விட்டு அப்புறம் மானிட்டருக்குப் போகிற மாதிரி ஒரு பலகை செய்து வைத்திருந்தார். வருகிற அடியை எல்லாம் பல்பு வாங்கிக்கொள்ளும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே என்னவோ கோளாறு. பளிச்சிட்டு மங்கினால் நல்ல சேதி. அவருடைய ரிப்பேர் கடையே இந்த முன்னறைதான். காலையில் வேலை மேசையை உள் அறைக்குத் தூக்கிப்போட்டு இடம் செய்தபோது, பலகை மட்டும் சுவரிலேயே இருந்தது. அதில்தான் சின்னக்கண்ணு ஐஸ் பெட்டியைச் சொருகியிருக்கிறான். வந்த கரண்டையெல்லாம் பல்பு தின்றுவிட்டது. அண்ணனுக்கு ஒன்றும் போகவில்லை.

இஷாக் பிளக்கைப் பிடுங்கி எதிர்ச்சுவரில் சொருகினான். பல்பு அணைந்தது. பெட்டி ஒரு தரம் குலுங்கி, முனகத் தொடங்கியது.

"அடப் பாவி, வெளக்க அமத்திட்டானே!" என்று பெரியம்மா பதறினாள்.

முப்பது வருஷமாக அந்தக் கடைக்கு மானிட்டர் சுமந்தவன் சின்னக்கண்ணு. சீரிஸ் பல்பு என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். துக்கத்தில் கண் மறைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு வந்தது துக்கம் இல்லை. அண்ணன் செத்த அன்றைக்காவது இந்த இஷாக்கிடம் தோற்காமல் இருந்திருக்கலாமே என்றுதான் வந்தது. அதற்கு வெட்கப்படவும் நேரமில்லை. அடுத்த மாலை வாசலுக்கு வந்துவிட்டது.

*

வேலுமணி காலை ஆறரைக்கு டீக்கடையில் செத்துப்போனார். கிளாஸை வாங்கி, ஒரு வாய் குடித்து, பெஞ்சில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். துட்டிக்கு வந்த ஒவ்வொருவரும், "கரண்டு அடிச்சிருச்சா?" என்று கேட்டார்கள். தொழில் அப்படி. மானிட்டர் என்றால் இப்போதைய தட்டை சமாச்சாரம் இல்லை. முன்னால் கண்ணாடியும் பின்னால் கூம்புமாக, பழைய டிவி மாதிரி பிக்சர் டியூப் வைத்த பெட்டி. அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்கிற கரண்டை வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தி ஒரு கொப்புளம் கூட வாங்காத மனுஷன்.

"டீதாங்க குடிச்சாரு" என்று சின்னக்கண்ணு பதினேழாவது முறையாகச் சொன்னான்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வேலைக்குச் சேர்ந்தவன் இஷாக். சின்னக்கண்ணு அதற்கும் முன்னாலிருந்து இருக்கிறான், ஆனால் வெளியே. முதலில் மூன்று சக்கர வண்டி, இப்போது ஒரு குட்டியானை வேன். ஒட்டன்சத்திரம், ஆயக்குடி, ரெட்டியார்சத்திரம் என்று போய்ப் பழுதான மானிட்டர்களைத் தூக்கி வருவான், சரியானதைத் திரும்பக் கொண்டுபோய் இறக்குவான். பேச ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பேசுகிறவன் என்பதால் பக்கத்து சீட்டில் யாரும் ஏறுவதில்லை.

மூடியைத் திறந்து உள்ளே கை வைக்க மட்டும் அண்ணன் அவனை விட்டதே இல்லை. மூன்று தடவை கேட்டிருக்கிறான். முதல் தடவை, "நீ எதுக்குடா இதுல கெடந்து சாகணும், ராசா மாதிரி வண்டி ஓட்டு" என்றார். இரண்டாவது தடவை, இஷாக் வந்த புதிதில், "போயி மூணு டீ சொல்லு" என்றார். மூன்றாவது தடவை போன மாதம். ஐம்பத்திரண்டு வயதில் வெட்கத்தை விட்டுக் கேட்டான். அண்ணன் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

அவர் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பாடம்: "தூக்கும்போது கண்ணாடி நெஞ்சுப் பக்கம் இருக்கணும்." கனமெல்லாம் கண்ணாடியில்தான், மாற்றிப் பிடித்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். சுமைகூலிப் பாடம். வித்தையெல்லாம் இஷாக்குக்கு.

ஊருக்கும் அது தெரிந்திருந்தது. ஆண்கள் துட்டி கேட்பதென்றால், வருகிறவர் இரண்டு கையையும் நீட்டுவார், வீட்டுக்காரர் அதைத் தொட்டு இறக்க வேண்டும். சின்னக்கண்ணு பெஞ்சில் முதல் ஆளாக, உரிமைப்பட்ட ஆளாக, உடன்பிறந்தவனாக உட்கார்ந்திருந்தான். வருகிறவர்கள் அவன் கையை ஒப்புக்குத் தொட்டுவிட்டு, பந்தல் காலடியில் நின்ற இஷாக்கிடம் போய்க் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். "ஒனக்குத்தான்யா பெரிய எழப்பு" என்று ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. இஷாக் அண்ணனைப் போலவே இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கலெக்டர் மாதிரி நின்றான். சின்னக்கண்ணு அந்தக் கையையே பார்த்தான். நிற்கிற நிற்பைக் கூட அண்ணன் இவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

போதாக்குறைக்குத் தெருமுனை பிளக்ஸ். கண்ணீர் அஞ்சலி என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஒரு கை கிடந்தது. கைக்குரிய ஆளை வெட்டிவிட்டார்கள். கையை வெட்ட முடியவில்லை.

சின்னக்கண்ணு பெண்டாட்டி நாகஜோதியைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். "பாத்தியா? அண்ணன் செத்த பெறகும் அந்த இஷாக்கு தோள்ல தொங்குறான் பாரு. உரிமைய."

நாகஜோதி பிளக்ஸைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "கட்ட வெரல் நகத்தப் பாருங்க. வண்டிக் கதவுல நசுங்குனது. அது ஒங்க கை. ஹரிணி சடங்குல எடுத்த போட்டா."

அவன் கிட்டே போய்ப் பார்த்தான். அவன் கைதான். ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிஷமே வேறு ஒன்று வந்து ஏறிக்கொண்டது.

"அப்ப என்னைய வெட்டுனது யாரு?"

"செத்தவரு படந்தானங்க போடுவாக. நீங்களும் நிக்கணுமா பக்கத்துல?"

*

ஹரிணியின் விமானம் மூன்று மணிக்குத்தான் மதுரையில் இறங்குகிறது என்று சேதி வந்தது. ஒரே மகள். அவள் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுப்பது. கொள்ளி வைப்பது சின்னக்கண்ணு. செத்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்குப் போய்வந்து, ஈர வேட்டியும் வெற்று மார்புமாக அவன் திரும்பியபோது மணி மூன்றரை. இது ஒன்றில் மட்டும் இஷாக் தனக்கு முன்னால் நிற்க முடியாது என்ற நினைப்பு வந்தது. அண்ணனுக்குக் கொள்ளி வைப்பதைப் போட்டியில் ஜெயித்த கப் மாதிரி எண்ணுகிற தன் புத்தியை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள்.

அந்த நேரம் பார்த்து பெருமாள்சாமி வந்தார். ஒட்டன்சத்திரம் ரோட்டில் எடைமேடை வைத்திருப்பவர். மாலையைப் பெட்டி மேல் வைத்தார், கும்பிட்டார், சின்னக்கண்ணுவின் கையைத் தொட்டார். போகவில்லை. செருப்புக்குள் காலை விடுவதும் எடுப்பதுமாக நின்றார்.

"ஏனுங்க, கேக்கறதுக்கே நாக்கு கூசுதுங்க. நம்ம மானிட்டரு உள்ள கெடக்குதுங்களே... இன்னிக்குக் காத்தால தர்றேன்னு அண்ணன் சொல்லியிருந்தாருங்க. காய் லாரிக நிக்குதுங்க."

"புதுசு ஒண்ணு வாங்கி மாட்ட வேண்டியதுதானங்க?" என்றான் சின்னக்கண்ணு.

"மாட்டிப் பாத்தனுங்க. தட்டைல எட குறைச்சுக் காட்டுதுன்னு வெவசாயிக சண்டைக்கு வர்றாங்க. அந்தப் பழைய பொட்டியில பச்சையா நம்பர் வந்தாத்தான் நம்புறாங்க. நான் என்னுங்க பண்ண?" பெருமாள்சாமி சுற்றிலும் பார்த்தார். "இனி யாருங்க பாப்பாங்க இதையெல்லாம்?"

பெஞ்சில் இருந்த அத்தனை கழுத்தும் இஷாக் பக்கம் திரும்பியது. பழக்கதோஷத்தில் சின்னக்கண்ணுவின் கழுத்தும் திரும்பிவிட்டது.

"இன்னைக்கா?" என்று இஷாக் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னைக்கு எப்பிடிங்க..."

அண்ணன் பெண்டாட்டி காளியம்மாள் காலையிலிருந்து பெட்டியின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இப்போது தலையைத் தூக்காமலே பேசினாள்.

"நேத்துப் படுக்கும்போது சொன்னாரு, காலையில அத முடிச்சுருவேன்னு. முடிச்சுக் குடுத்து அனுப்புங்க தம்பி. சொன்ன சொல்லு நின்னு போச்சுன்னு இருக்க வேணாம்."

தம்பி என்றது யாரை என்று சின்னக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. மதினி இரண்டு பேரையுமே அப்படித்தான் கூப்பிடுவாள். அதுவும் அவனுக்கு ஒரு குறைதான். இஷாக் உள்ளே போனான். சின்னக்கண்ணு அவனை முந்திக்கொண்டு போனான்.

*

உள் அறையில் மேசை மேல் எடைமேடை மானிட்டர் பின்மூடி இல்லாமல் இருந்தது. அண்ணன் கழற்றிய நாலு ஸ்குரூவும் ஒரு டப்பா மூடியில் வரிசையாக இருந்தன. பத்து நிமிஷம் ஓடும், சூடானதும் அணைந்துபோகும், அதுதான் கோளாறு. நேற்று இரவு ஓட்டிப் பார்த்திருப்பார். அதனால் உள்ளே கரண்டு நிற்கும்.

இஷாக் பிளக் தனியாகக் கிடப்பதைப் பார்த்தான். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டான். மரப்பிடி போட்ட நீள ஸ்குரூ டிரைவரின் தண்டில் ஒரு வயர் கட்டியிருந்தது. அதன் மறு நுனிக் கவ்வியை டியூப்பின் முதுகில் ஓடுகிற மொட்டைக் கம்பியில் மாட்டினான். டியூப்பின் தோளில் அப்பளம் மாதிரி ஒரு ரப்பர் மூடி. அதற்கடியில்தான் எமன்.

"குடு, நான் பண்றேன்" என்றான் சின்னக்கண்ணு.

"வேணாம்ணே."

"வயரு மாட்டியாச்சு. மூடிக்கடியில நொழைக்கணும், அம்புட்டுத்தான? முப்பது வருசமாப் பாக்குறேன். பச்சப்புள்ளையும் செய்யும்." சொல்லும்போதே அவனுடைய இரண்டு கைகளும் டியூப்பின் இரண்டு பக்கமும் காற்றில் வட்டம் போட்டன.

"கையத் தள்ளி எடுங்கண்ணே." இஷாக்கின் குரலில் பயம் இருந்தது. சின்னக்கண்ணு கையை எடுத்துக்கொண்டான்.

இஷாக் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். திறந்த மானிட்டருக்குள் ஒரு கைதான் போக வேண்டும். இரண்டும் போனால் கரண்டு ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். வலது கையால் ஸ்குரூ டிரைவரை ரப்பர் மூடிக்கு அடியில் மெல்ல நுழைத்தான். டிக் என்று ஒரு சத்தம், நகம் சொடுக்கின மாதிரி. வெளியே எடுத்தான். காத்திருந்தான். மறுபடியும் நுழைத்தான். இன்னொரு டிக், முன்னதை விடச் சின்னதாக.

"அதான் எறக்கியாச்சுல்ல, ரெண்டாந்தரம் எதுக்கு?"

"ஒரு தடவையில போகாதுண்ணே. உள்ள ஊறிக்கிட்டே இருக்கும்."

சின்னக்கண்ணு டார்ச்சை எடுத்து நீட்டினான்.

மானிட்டருக்குள் இருந்த சர்க்யூட் பலகையைத் திருப்பி டார்ச் அடித்துத் தேடியதில், பெரிய டிரான்ஸ்பார்மரின் காலடியில் ஈயத்தைச் சுற்றி முடி மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. சூடானதும் விரிந்து தொடர்பு விட்டுப்போகிறது. இஷாக் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாக வைத்தான். ஊதுபத்தி வாசனைக்குள் ஈயப் புகையின் வாசனை கலந்து முன்னறைக்குப் போனது. காளியம்மாள் திரும்பி உள் அறையைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

மூடியைப் போட்டு நாலு ஸ்குரூவையும் முறுக்கி, நீள வயர் ஒன்றை முன்னறை வரைக்கும் இழுத்து, சீரிஸ் பலகையில் சொருகினார்கள். தலைமாட்டுப் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"வெளக்கு வந்துருச்சு" என்றாள் பெரியம்மா.

பல்பு மங்கியது. நல்ல சேதி. திரையில் வெளிச்சம் ஊறி, 'நோ சிக்னல்' என்று பச்சை எழுத்துகள் வந்தன. எல்லாம் சரியாக இருக்கவே, மானிட்டரை நேர்க் கரண்டுக்கு மாற்றினான் இஷாக். பல்பு அணைந்தது. இனி பத்து நிமிஷம் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் பேசாமல் இருக்கச் சின்னக்கண்ணுவால் முடியாது. மூன்றாவது நிமிஷத்தில் உடைந்தான்.

"எனக்கு ஏன்டா அவரு கத்துக் குடுக்கல?"

இஷாக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் டீ வாங்கிட்டு வரச் சொல்றது, சிரிக்கிறது. இனிமே யாருகிட்டப் போயிக் கேக்க? ஒனக்குத் தெரியும். அவரு ஒங்கிட்டச் சொல்லாத ரகசியமா? சொல்லு, நான் அம்புட்டு மக்கா?"

"விடுங்க சின்னண்ணே. இந்நேரத்துல..."

"இந்நேரத்துலதான்டா கேக்க முடியும். இன்னும் ரெண்டு மணி நேரத்துல நான் போயிக் கொள்ளி வைக்கணும்."

இஷாக் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். பெட்டியின் முனகல் முன்னறையிலிருந்து ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"நேராச் சொல்லவா?"

"சொல்லு."

"நான் சேந்த மொத நாளு. இதையேதான் கேட்டேன். 'கூடப் பெறந்த தம்பி இருக்கும்போது எதுக்குண்ணே வெளியாளு?'ன்னு. தெறந்து கெடந்த டியூப்பக் காட்டுனாரு. 'இதுக்குள்ள இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டு கெடக்கு. அவன் பேசுனா ரெண்டு கையும் சேந்து பேசும். கட்டிப்போடவும் முடியாது. அவனுக்கு ஒண்ணுன்னா எங்க ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்ல?'ன்னாரு."

சின்னக்கண்ணுவின் கைகள் தொடை மேல் கிடந்தன.

"'சரிண்ணே, எனக்கு ஒண்ணுன்னா?'ன்னு கேட்டேன்." இஷாக் துண்டை உதறித் தோளில் போட்டான். "'ஒங்க வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிரலாம் பாய்'னாரு."

ஆறாவது நிமிஷம். பச்சை எழுத்துகள் அசையாமல் நின்றன.

"வெளையாட்டாத்தான் சொன்னாரு. அதுக்கப்பறம் எனக்கு எம்புட்டோ செஞ்சிருக்காரு, நான் இல்லைங்கல. எம் மகளுக்குப் பேரு வச்சதே அவருதான். ஆனா ஒவ்வொரு தடவ மூடியக் கழட்டும்போதும் அந்தப் பேச்சு வந்து நிக்கும். உள்ள நான் ஒத்தக் கையோட வேர்த்துக்கிட்டு இருப்பேன். வாசல்ல வண்டிய நிப்பாட்டிட்டு நீங்க பாட்டுப் பாடிக்கிட்டு வருவீங்க. அவரு எந்திரிச்சு வந்து, 'ஏலே, அந்தப் பக்கமே நில்லு, உள்ள வராத'ம்பாரு." அவன் முதல் தடவையாகத் திரும்பிச் சின்னக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தான். "இருபத்தாறு வருசம்ணே. எனக்கு அப்பிடி எரியும்."

வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "ஹரிணி வந்துருச்சு" என்று நாகஜோதியின் குரல் ஓடி வந்தது. பெண்களின் அழுகை ஒரே மூச்சில் உயர்ந்தது. பத்து நிமிஷம் தாண்டிப் பன்னிரண்டு ஆகியிருந்தது.

இஷாக் எட்டிப் பிளக்கைப் பிடுங்கினான். சின்னக்கண்ணு எழுந்து மானிட்டரை இழுத்து அணைத்துத் தூக்கினான். வெற்று மார்பில் கண்ணாடி பட்டதும் படபடவென்று பொரிந்தது. நெஞ்சு முடியெல்லாம் எழுந்து கண்ணாடியில் ஒட்டின. வயதாகிவிட்டது, முதுகு கொஞ்சம் வளைந்தது. இஷாக் பின்னாலிருந்த இடது கையையும் கொண்டுவந்து, இரண்டு கையாலும் அடியில் தாங்கினான்.

கொல்லை வழியாகச் சந்துக்கு இறங்கி, பெருமாள்சாமியின் ஜீப்பைப் பார்த்து இரண்டு பேரும் நடந்தார்கள். கண்ணாடி சின்னக்கண்ணுவின் நெஞ்சுப் பக்கம் இருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை.